கார் இல்லாத மூன்று வருடம்: போனுஸ் கரைந்து போகுமா?

ரீயூனியன் தீவின் சேந்த்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவ வீரராக) இருந்து ரெத்ரேத் (ஓய்வு) வாங்கியவர். காரைக்காலில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. வரும் ஆகஸ்டில் இருவரும் கிளம்புகிறார்கள். இரண்டு வருடம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். வீட்டில் ஒன்பது வருடக் கிளியோ கார் ஒன்று இருக்கிறது. அசுரான்ஸ் கொந்த்ரா (காப்பீட்டு ஒப்பந்தம்) கணவர் பெயரில். பதினொரு வருடமாக அவர்கள் தவறால் ஒரு விபத்தும் இல்லை, போனுஸ், அதாவது அடிப்படை பிரீமியத்தைப் பெருக்கிக் குறைக்கும் எண், 0,54-க்கு வந்திருக்கிறது. ஜூன் 15-ஆம் தேதி காரை எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். அசுரான்ஸ் புதுப்பிக்கும் தேதி செப்டம்பர் 1.

இதற்கு நடுவில் ஆளுக்கொரு யோசனை. காரைக்காலில் இருக்கும் கொழுந்தனார், "90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் போச்சு, உடனே என்.சி.பி. (கோரல் இல்லாததற்கான தள்ளுபடி) சான்றிதழ் வாங்கு" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "விற்காதே, கொல்லையில் நிறுத்திக் குறைந்தபட்ச அசுரான்ஸ் கட்டிக்கொண்டிரு, போனுஸ் தானாக வளரும்" என்கிறார். சேன்-பியேரில் வேலை பார்க்கும் 23 வயது மகனோ, "காரை எனக்குக் கொடுங்கள், கொந்த்ரா மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கட்டும், எனக்கும் செலவு மிச்சம், உங்கள் போனுஸும் நிற்கும்" என்கிறான். போன வருடம் தேசிய சாலை 2-இல் கல் தெறித்து முன் கண்ணாடியை அசுரான்ஸில் மாற்றினார்களாம், அதுவும் போனுஸைத் தின்றுவிட்டதோ என்று ஒரு பயம். கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "உண்மையில் காரை தினமும் ஓட்டுவது நான்தான். கொந்த்ராவில் என் பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை."

சகோதரி, நான்கு பக்கத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த ஓர வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் மூச்சு விடுங்கள். நீங்கள் கார் இல்லாமல் இருந்தால் போனுஸ் ஐஸ்கட்டி மாதிரி உருகிப் போகாது. காப்பாற்ற வேண்டியது வேறொன்று.

கொழுந்தனார் சொன்னது பொய்யில்லை, ஊர்தான் வேறு

அவர் சொல்வது இந்திய விதி. அங்கே உரிமைக் கோரல் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். காரை விற்றால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மூன்று வருடத்துக்குள் வேறு காரில் பயன்படுத்தலாம். அந்தத் தள்ளுபடியும் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு மட்டுமே.

ரீயூனியன் பிரான்ஸின் மாவட்டம். இங்கே ஓடுவது பிரெஞ்சுக் காப்பீட்டுச் சட்டத் தொகுப்பு. அதில் ஏ. 121-1 என்ற விதியின் பின்னிணைப்பாக ஒரு கட்டாயச் சரத்து இருக்கிறது, 1976-இல் வந்தது. எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அதை மாற்ற முடியாது. கணக்கு எளிது. 1,00-இல் தொடங்கும். தவறு இல்லாத ஒவ்வொரு வருடமும் 0,95-ஆல் பெருக்கி, இரண்டு தசமத்தோடு வெட்டுவார்கள். பதின்மூன்று வருடத்தில் 0,50, அதற்குக் கீழே இறங்காது. உங்கள் தவறால் விபத்து நடந்தால் 1,25-ஆல் பெருக்குவார்கள், பாதித் தவறு என்றால் 1,125-ஆல். உச்சம் 3,50. இந்தியாவில் ஒரு கோரலில் ஏணியிலிருந்து தரைக்கு வந்துவிடுவீர்கள், இங்கே ஓரிரு படி சறுக்கல்.

கண்ணாடி விஷயமும் இதிலேயே முடிகிறது. கண்ணாடி உடைவது, திருட்டு, தீ, நிறுத்தியிருந்த காரை யாரென்றே தெரியாத ஒருவர் இடித்துவிட்டுப் போவது, இவை எதுவும் போனுஸைத் தொடாது. கேட்க வேண்டியது உங்கள் தவறா என்பது ஒன்றுதான். அந்தக் கல்லை மறந்துவிடுங்கள்.

கார் இல்லாமல் இருந்தால்? கொந்த்ரா நின்றாலும் இடையில் தொங்கினாலும், அதுவரை சேர்ந்த எண் உங்களுடையதுதான். இடைவெளி மூன்று மாதத்தைத் தாண்டினால் அந்த வருடத்துக்குரிய புதிய குறைப்பு மட்டும் கிடைக்காது. ஏணியில் நிற்கும் படியிலேயே நிற்பீர்கள், கீழே தள்ள மாட்டார்கள். இத்தனை மாதம் கார் இல்லாவிட்டால் போனுஸ் பறிபோகும் என்று ஒரு கெடு அந்தச் சரத்தில் கிடையாது.

ஆனால் சட்டப் புத்தகம் ஒன்று, கம்பெனியின் கவுண்டர் இன்னொன்று. அதைக் கீழே பார்ப்போம்.

ஜூன் 15 வேண்டாம்

உங்கள் கடிதத்தில் இரண்டு தேதிகள் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. போனுஸ் வருடம் என்பது கொந்த்ராவின் வருடம் இல்லை. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு முடியும் பன்னிரண்டு மாதத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு செப்டம்பர் 1 என்றால், கணக்கு வருடம் போன ஜூலை 1 முதல் இந்த ஜூன் 30 வரை.

ஜூன் 15-ல் விற்றால் அந்தப் பன்னிரண்டு மாதம் பதினைந்து நாள் குறைவாக நிற்கும். சட்டம் சின்ன இடைவெளியை மன்னிக்கிறது என்றாலும், மூன்று வருடம் கழித்து ஒரு புதுக் கம்பெனியில் புதுப் பையனிடம் உட்கார்ந்து எதற்கு வாதாட வேண்டும்? வாங்குபவரிடம் ஜூலை முதல் வாரம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது வருடம் முழுசாகச் சேரும், 0,54 என்பது 0,51 ஆகும். அவர் அவசரப்பட்டால் இரண்டு நூறு குறைத்துக்கூட விற்கலாம் என்று சொல்லமாட்டேன், அது போனுஸில் மிச்சமாவதைவிட அதிகம். கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். விற்றபின் ஆகஸ்ட் வரை பஸ். நம் ஊரில் பஸ்ஸுக்கே கார் ஜோன் (மஞ்சள் பஸ்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கார் இல்லை என்ற குறை தெரியாது.

விற்கும் நாளன்று செய்ய வேண்டியவை: விற்பனைப் பத்திரமான செர்திஃபிக்கா தெ செசியோனை இரண்டு பிரதியாகப் போட்டு, தேதியோடு மணியும் எழுதுங்கள். 15 நாளுக்குள் இணையத்தில் விற்பனையைப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வாங்கினவரின் அபராதச் சீட்டுகள் காரைக்கால் வரை உங்களைத் தேடி வரும். அதே நாளில் பதிவுத் தபாலில் கம்பெனிக்கும் எழுதுங்கள். சட்டப்படி விற்ற மறுநாள் பூஜ்யம் மணியிலிருந்து கொந்த்ரா தானாகவே நிறுத்தி வைக்கப்படும். பத்து நாள் அறிவிப்போடு நீங்களோ கம்பெனியோ முடித்துக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் தானே முடிந்துபோகும். அப்படி விட்டுவிடாதீர்கள். நீங்களே முடியுங்கள், முடிக்கும் அதே கடிதத்தில் ரெலெவேயை (உங்கள் போனுஸ் எண்ணும் விபத்து வரலாறும் எழுதிய தாளை) கேளுங்கள்.

கொல்லையில் நிற்கும் கார்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வேலை செய்யும். ஓட்டாத காராக இருந்தாலும் கொந்த்ரா நடப்பில் இருந்து விபத்து இல்லை என்றால் போனுஸ் ஏறத்தான் செய்யும். ஆனால் எதற்காக என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் அடிப்படை பிரீமியம் வருடம் 700 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 0,51-இல் கட்டுவது 357. அடுத்த வருடமும் கார் வைத்திருந்தால் 0,51-ஐ 0,95-ஆல் பெருக்கி 0,48 வரும், ஆனால் தரை 0,50, அதில் நின்றுவிடும். அப்போது 350. இந்த ஏழு யூரோவுக்காக மூன்று வருடம் ஒரு காரைக் கொல்லையில் கட்டிப்போட்டு, வருடம் முந்நூறு யூரோ போல மூன்றாம் நபர் காப்பீடு கட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொந்த்ரோல் தெக்னிக் (வண்டிச் சோதனை) எடுத்து, செத்துப்போன பேட்டரியை மாற்றி, மாமரத்தடியில் காரின் மேல் விழும் பழத்தைக் கழுவ ஆளையும் தேட வேண்டும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். 0,50-இல் குறைந்தது மூன்று வருடம் நின்றவருக்கு, முதல் தவறு விபத்துக்கு எண் ஏறாது என்ற சலுகை உண்டு. நீங்கள் அதை அடைய மூன்று வருடம் தள்ளிப்போகும். அது உண்மையான இழப்புதான். தொள்ளாயிரம் யூரோ பெறுமா என்றால், என் கணக்கில் பெறாது.

கார் வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. ஓடாமல் நின்றாலும் காப்பீடு கட்டாயம். "எங்கேயும் போகவில்லையே" என்று ரத்து செய்துவிட்டு நிறுத்தி வைக்க முடியாது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் நேரடி அபராதம் 500 யூரோ, நீதிமன்றம் போனால் 3750 வரை. 2024 ஏப்ரல் முதல் கண்ணாடியில் ஒட்டும் பச்சை அட்டை இல்லை, போலீஸ் நம்பர் பிளேட்டை வைத்தே பார்த்துவிடுவார்கள். இரண்டாவது, குறைந்தபட்சக் காப்பீட்டில் புயல் கிடையாது. இயற்கைப் பேரிடர் காப்பு, சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுத்த கொந்த்ராவோடுதான் வரும். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி காரான்ஸ் புயல் வந்தபோது தண்ணீரில் மிதந்த கார்களை நாம் எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சல்லி கிடைக்காது. புயலால் போனுஸ் போகாது, கார்தான் போகும்.

மகன் சொன்ன யோசனை

இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன், மன்னிக்கவும். உங்கள் மகன் கெட்டவன் இல்லை. இந்தத் தீவில் பாதி வீட்டில் இது நடக்கிறது. சேன்-பியேரில் தினமும் வேலைக்கு ஓட்டுவது பிள்ளை, தாளில் ஓட்டுவது நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாமியாருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் அப்பா.

எல். 113-8 என்ற விதி சொல்வது இது: வேண்டுமென்றே தவறாக அறிவித்தால் கொந்த்ரா செல்லாது, அது பிறந்ததே இல்லை என்பது போல. கட்டிய பிரீமியமும் திரும்பாது. விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைத்துவிடும், சட்டம் அவரைக் கைவிடாது. ஆனால் அவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் வசூலிக்க வழி உண்டு. முதுகெலும்பு முறிந்த ஒரு இளைஞனின் வாழ்நாள் நஷ்டஈடு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். பென்சியோன் போதாது. போனுஸுக்காகத் தொடங்கிய விஷயம் காரைக்கால் வீட்டை விற்கும் இடத்தில் முடியலாம்.

மகனுக்குக் கார் கொடுப்பது தப்பில்லை. அவன் பெயரில் கார்த் கிரீஸ் (வண்டிப் பதிவுச் சான்று), அவன் பெயரில் கொந்த்ரா, முக்கிய ஓட்டுநராக அவனே. அவன் லிசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகவில்லை என்றால் 1,00-இல் தொடங்கி, மேலே புதிய ஓட்டுநர் கூடுதலும் கட்டுவான். அந்தக் கூடுதல் அடிப்படை பிரீமியத்துக்குச் சமமாகக்கூடப் போகலாம். தவறு இல்லாத ஒவ்வொரு வருடமும் பாதியாகும். துணையோடு ஓட்டிப் பழகும் முறையில் லிசென்ஸ் எடுத்தவன் என்றால் தொடக்கமே பாதி, கேளுங்கள். அப்பாவின் கொந்த்ராவில் அவன் பெயர் ஏற்கெனவே ஓட்டுநராக இருந்திருந்தால் அந்தத் தாளையும் கொண்டுபோகட்டும், பல கம்பெனி அதைக் கணக்கில் எடுக்கும். போனுஸ் என்பது அம்மா நகையை மருமகளுக்குக் கொடுப்பது போலக் கொடுக்கிற பொருள் இல்லை.

அவன் கொந்த்ராவில் நீங்கள் இருவரும் இரண்டாவது ஓட்டுநர்களாகப் பெயர் சேர்த்துக்கொள்ளலாமா? வருடா வருடம் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்து, உண்மையிலேயே அந்தக் காரை ஓட்டுவீர்கள் என்றால், தாராளமாக. இது வெறும் பாசத்துக்கு இல்லை, அடுத்த பகுதிக்குப் பயன்படும்.

மூன்று வருடக் கடிகாரம்

காப்பாற்ற வேண்டியது வேறொன்று என்றேனே, அது இதுதான். சட்டத்தில் ஏ. 335-9-1 என்று இன்னொரு விதி. புதிதாக லிசென்ஸ் எடுத்தவரிடம் வாங்கும் அந்தக் கூடுதலை, பழைய லிசென்ஸ்காரரிடமும் வாங்கலாம்: கடந்த மூன்று வருடத்தில் உண்மையிலேயே காப்பீடு இருந்தது என்று காட்ட முடியாதவரிடம். முப்பது வருடம் ஓட்டியவருக்கும் பொருந்தும்.

ஆக 0,51 உங்களிடம் பத்திரமாக இருக்கும், அதன்மேல் ஒரு கூடுதல் வந்து உட்காரலாம். எண் ஒரு பக்கம், இடைவெளி ஒரு பக்கம். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "போனுஸ் போச்சு" என்று சொல்வது இதனால்தான்.

கவுண்டரில் இன்னும் கொஞ்சம் கெடுபிடி. விண்ணப்பப் படிவத்தில் "கடந்த 36 மாதத்தில் எத்தனை மாதம் காப்பீட்டில் இருந்தீர்கள்?" என்ற கேள்வி இருக்கும். இரண்டு வருடம் இடைவெளி என்றாலே சிலர் முகம் சுளிப்பார்கள், மூன்று தாண்டினால் 1,00-லிருந்து தொடங்குங்கள் என்பார்கள். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது: "சரத்துப்படி சேர்ந்த எண் என்னுடையது, ரெலெவே இதோ." உங்களை வாடிக்கையாளராக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. எடுத்துக்கொண்டால் எண்ணைக் கற்பனையாகப் போட உரிமை இல்லை. ஒருவர் மறுத்தால் அடுத்த கதவைத் தட்டுங்கள். நான்கு இடத்தில் விலை கேட்பது மீன் வாங்குவதற்கே நமக்குப் பழக்கம்தானே.

இரண்டு வருடத்தில் திரும்பினால் பெரிய தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். மூன்றை நெருங்கும் என்றால் மேலே சொன்னபடி மகனின் கொந்த்ராவில் நீங்கள் உண்மையான இரண்டாவது ஓட்டுநராக இருப்பது, இடைவெளி முழுப் பாலைவனமாக இல்லாமல் காட்டும். ஒன்று நினைவிருக்கட்டும், லீவுக்கு வரும்போது எடுக்கும் வாடகைக் கார் இதற்கு உதவாது. அந்தக் காப்பீடு வாடகைக் கம்பெனியுடையது, உங்கள் பெயரில் ரெலெவே வராது.

ஜாதகத் தாள்

ரெலெவே தன்ஃபொர்மாசியோன் என்பது உங்கள் அசுரான்ஸ் ஜாதகம். எந்தத் தேதியில் கொந்த்ரா தொடங்கியது, எந்த வண்டி, யார் யார் ஓட்டுநர், கடந்த ஐந்து வருட விபத்துகள், அதில் யார் ஓட்டினார், யார் தவறு, கடைசி எண் என்ன, எந்தத் தேதி வரைக்கும் எழுதியது, எல்லாம் ஒரே பக்கத்தில். கேட்ட 15 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டு மத்தியஸ்தரிடம் போகலாம், காசு கிடையாது.

வந்ததும் உறையில் போட்டுவிடாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். விபத்துப் பகுதியில் அந்த முன் கண்ணாடி "தவறு: 0" என்றோ, கண்ணாடி என்றோ இருக்க வேண்டும். எண் 0,54 என்றே நின்றிருந்தால், அது கடந்த செப்டம்பர் எண். இந்த ஜூன் 30 வரை விபத்து இல்லை என்பது அதே தாளில் தேதியோடு தெரிந்தால் போதும், புதுக் கம்பெனி 0,51-ஐக் கணக்குப் போட வேண்டும். தெரியாவிட்டால் திருத்தச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்பே.

நான் இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. லியோனில் படித்து முடித்துத் தீவுக்குத் திரும்பினபோது, காரை விற்ற கையோடு தாளை வாங்காமல் வந்துவிட்டேன். ஐந்து வருடம் கழித்து எழுதினால், பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரிப் பதில். வக்கீல் படிப்பு படித்தவன் 1,00-லிருந்து தொடங்கினேன். அப்பா அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்போது உங்கள் ஓர வரி. தினமும் ஓட்டுவது நீங்கள், கொந்த்ராவில் யார் பெயர் என்று தெரியவில்லை. நாளைக்கே அசுரான்ஸ் தாள்கள் இருக்கும் உறையைத் திறந்து, கொந்திசியோன் பர்த்திகுலியேர் என்ற தாளில் ஓட்டுநர் பகுதியைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் விற்பதற்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள், யார் அதிகம் ஓட்டுகிறார் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். கணவன் மனைவிக்குள் பிரீமியம் பெரும்பாலும் மாறாது. தெரியாமல் விட்ட பிழையை வேண்டுமென்றே செய்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் தெரிந்தபின் விட்டால் கதை வேறு. உங்கள் பெயர் ரெலெவேயில் ஏறினால்தான், நாளைக்கு நீங்கள் மட்டும் முன்னால் திரும்பி வந்து உங்கள் பெயரில் ஒரு கார் எடுக்கும்போது கையில் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் பதினொரு வருடம் ஓட்டியது நீங்கள், பலன் முழுக்க அவருடையது. எத்தனை வீட்டில் கணவர் போனபின்தான் இது தெரிய வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் உறுத்தியது.

காரைக்காலில் ஒரு கார்

கடிதத்தின் முடிவில், அங்கே ஒரு பழைய மாருதி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டுமே. கொழுந்தனாரிடம் ஒரு செய்தி சொல்லுங்கள், அவருக்கே புதிதாக இருக்கலாம்: வெளிநாட்டில் சேர்த்த தள்ளுபடிக்குச் சான்று காட்டினால், வெளிநாட்டுப் பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இந்தியாவில் எடுக்கும் புது பாலிசிக்கு என்.சி.பி. தரலாம் என்று இந்திய மோட்டார் டாரிஃபிலேயே இருக்கிறது. அங்குள்ள முகவர்கள் பலர் இப்படி யாரும் கேட்டதில்லை என்பார்கள், கேளுங்கள். ரெலெவேயைச் சான்றளித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி எடுத்துப் போங்கள்.

திரும்பி வரும்போது இதன் மறுபக்கம் அவ்வளவு சுலபமில்லை. இந்திய பாலிசியை போனுஸாக எடுத்துக்கொள்ள இங்குள்ள கம்பெனிக்குக் கடமை இல்லை. ஆனால் "மூன்று வருடத்தில் காப்பீடே இல்லையே" என்று கேட்பவரிடம், அங்கே உங்கள் பெயரில் ஓடிய பாலிசிகளையும் கோரல் இல்லை என்ற கடிதத்தையும் மேஜைமேல் வைக்கலாம். சிலர் ஏற்பார்கள். அதனால் மாருதி பாலிசியை கொழுந்தனார் பெயரில் எடுக்காதீர்கள், உங்கள் இருவரில் ஒருவர் பெயரிலேயே எடுங்கள், வருடா வருடத் தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

ஆகஸ்டில் கிளம்பும்போது ரெலெவேயின் அசல் ஒன்று மகனிடம், ஒன்று உங்கள் கைப்பையில். பெட்டியில் வேண்டாம்.